போடியிலிருந்து வந்த அம்மாவும் எங்கள் ஊர் மலையும்

ராமநாதபுரம் பக்கம் ஒருநாள் சுற்றுலா வருகிறவர்கள் வேனில் ஏறியதும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, மொத்தம் எத்தன எடம்?"

போன தை மாதம் போடியிலிருந்து வந்த குடும்பமும் அதைத்தான் கேட்டது. மகன், மருமகள், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேரன், மகனைப் பெற்ற அம்மா. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. பிறந்ததும் வாக்கப்பட்டதும் மேற்கு மலை அடிவாரத்தில். பழனி, திருச்செங்கோடு, சதுரகிரி என்று ஏறாத மலைக்கோயில் இல்லை. முட்டி தேய்ந்துபோய், இனிமேல் படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "சரி, மலைதான் இல்லன்னு ஆயிப்போச்சு, கடலையாவது பார்ப்போம்னு கூட்டியாந்தான்" என்று மகனைக் காட்டிச் சொன்னார். அதுவரைக்கும் அவர் கடலைப் பார்த்ததே இல்லை.

மகன் போனை நீட்டினார். யாரோ அனுப்பிய பட்டியல், அதில் 14 இடங்கள். எனக்கு அந்தப் பட்டியல் மனப்பாடம். முன்பு ஒரு டிராவல்ஸில் சம்பளத்துக்கு வண்டி ஓட்டியபோது அதே 14 இடத்தையும் அட்டையில் அச்சடித்துக் கையில் கொடுப்பார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே நிமிடக் கணக்கு இருக்கும். தனுஷ்கோடிக்கு எதிரே 20 நிமிடம் என்று போட்டிருந்தது. தனுஷ்கோடி என் அப்பத்தா பிறந்து வளர்ந்த ஊர். அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ செய்யும். மூன்று வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். இப்போது சொந்த வேன். வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: ஏழு இடம்தான், அதற்கு மேல் கிடையாது.

மகனுக்கு முகம் சுருங்கிப்போனது. காசு கொடுக்கிறவருக்கு அப்படித்தான் இருக்கும், அதில் தப்பில்லை. "கோயில் நடை சாத்துற நேரம், வெயில், காத்து, மூணையும் பாத்துத்தான் சார் இந்த வரிசை. சாயந்தரம் வரைக்கும் பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றேன்.

நடை சாத்தும் நேரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் பாதிப் பேர் ஏமாந்து போவது அதில்தான். ராமேஸ்வரத்தில் பகல் ஒரு மணிக்கு நடை சாத்தினால் மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். உத்தரகோசமங்கையும் திருப்புல்லாணியும் உச்சிப்பொழுதிலேயே சாத்திவிடுவார்கள், மறுபடி திறப்பது சாயங்காலம்தான். அதனால் காலையில் கரைமேல் இருக்கும் தலங்கள், மதியத்துக்கு மேல் தீவு, இருட்டும் நேரத்தில் ராமேஸ்வரத்துப் பெரிய கோயில். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் முன்னோருக்குச் செய்ய வருகிறவர்கள் தவிர வேறு யாரும் சுற்றிப்பார்க்க வராதீர்கள். அன்றைக்கு இந்த ஊர் அவர்களுடையது.

ஐந்தரைக்குக் கிளம்பி தேவிபட்டினம் போனோம். சூரியன் எழுவதற்குள் நவபாஷாணத்தின் நடைமேடையில் நிற்க வேண்டும் என்பது என் கணக்கு. இலங்கைக்குப் போகும் முன் ராமர் நவக்கிரகத்துக்கு நட்டு வைத்த கற்கள் என்பது தல வரலாறு. ஒன்பது கல்லும் கடலுக்குள்ளேயே நிற்கின்றன. அன்றைக்குத் தண்ணீர் ஏறியிருந்ததால் தலைப்பாகம் மட்டும்தான் தெரிந்தது.

அம்மா கற்களைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்தபடியே நின்றார். பேரன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "இருடா" என்று மட்டும் சொன்னார். கால் மணி நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "எங்க ஊருல வெயிலு மலையத் தாண்டித்தான் வரும்யா. இங்க ஒண்ணுமே குறுக்க இல்லையே" என்றார். அட்டைக் கணக்குப்படி தேவிபட்டினத்துக்கு 15 நிமிடம். நாங்கள் முக்கால் மணி நேரம் இருந்தோம்.

அடுத்து உத்தரகோசமங்கை. மாணிக்கவாசகர் உருகி உருகிப் பாடிய தலம். தல மரம் இலந்தை. சிவனுக்கு ஆகாது என்று மற்ற ஊர்களில் ஒதுக்கும் தாழம்பூவை இங்கே சாத்துவார்கள். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் தேடுவது மரகத நடராஜரைத்தான். மத்தளச் சத்தத்துக்குக்கூட மரகதம் விரிசல் விட்டுவிடும் என்று சொல்லி, மேனி முழுக்க வருடம் பூராவும் சந்தனக்காப்பு. மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும்தான் களைவார்கள், அபிஷேகம் முடிந்ததும் புதுச் சந்தனம் பூசிவிடுவார்கள். நாங்கள் போனது தை. மகனுக்கு ஏமாற்றம். "இவ்வளவு தூரம் வந்தும் பச்சையப் பாக்க முடியலையே" என்று முணுமுணுத்தார். அம்மா விபூதியைப் பூசிக்கொண்டே, "சந்தனத்துக்குள்ள இருக்குறதும் அதே சாமிதானடா" என்றார். எத்தனையோ பேரை இந்தச் சந்நிதிக்குக் கூட்டிவந்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாருக்கும் நான் விளக்கியதில்லை.

திருப்புல்லாணியில் ஆதி ஜெகந்நாதர், தர்ப்பைப் புல்லில் படுத்த கோலத்தில் ராமர், ஒரு வாய் பாயசப் பிரசாதம். கடலிடம் வழி கேட்டு ராமர் படுத்துக் கிடந்த இடம் இது என்றதும் பேரன், "கடல் வழி விட்டுச்சா?" என்று கேட்டான். பாலத்துக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். பக்கத்திலேயே கடற்கரையில் இருக்கும் சேதுக்கரையை அன்றைக்கு விட்டுவிட்டோம்.

பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் நான் வண்டியை நிறுத்துவதில்லை. எல்லோரும் நிறுத்துகிறார்கள், கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்கார வைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். பின்னால் வரும் பேருந்துக்கு ஒதுங்க இடம் இருக்காது. கண்ணெதிரே இரண்டு விபத்து பார்த்தவன் நான். தயவுசெய்து உங்கள் டிரைவரை நடுப்பாலத்தில் நிறுத்தச் சொல்லாதீர்கள். கரையில் ஓரமாக விட்டுவிட்டு நடந்து வந்தால் இன்னும் நன்றாகப் பார்க்கலாம். நாங்கள் அப்படித்தான் நடந்தோம்.

பேரனுக்கு அங்கே வைத்துக் கதை சொன்னேன். 1914 பிப்ரவரியில் இந்தக் கால்வாய்மேல் முதல் ரயில் பாலம் திறந்தார்கள். கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து, கும்பிட்ட கை விரிவதுபோல மேலே எழும். அதை எழுப்பியது கரண்ட் இல்லை, ஆட்கள்தான். கம்பியைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி எழுப்புவார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும், ரயில் இந்தப் பக்கமே நின்றுவிடும். 1988இல் சாலைப் பாலம் வரும்வரை தீவுக்கு வண்டியில் வர வழியில்லை, ரயில்தான். உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. 2022 டிசம்பரோடு பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தார்கள். இதில் நடுப்பகுதி பிரிவதில்லை. 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே மட்டமாக, மோட்டாரில் 17 மீட்டர் உயரும். "லிஃப்ட் மாதிரியா?" என்றான். அதேதான். சொல்லி வாய் மூடவில்லை, மண்டபம் பக்கமிருந்து ஒரு ரயில் ஊர்ந்து வந்தது. பெட்டிகளை எண்ணிக்கொண்டே இருந்தான். அம்மா ரயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தங்கச்சிமடத்தில் சாப்பாடு. பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம். அங்கே நான் பேசுவதில்லை, உள்ளே போகிறவர்களே அமைதியாகிவிடுவார்கள்.

அதற்குப் பிறகு கந்தமாதன பர்வதம்.

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் மலையே கிடையாது. எங்கு நின்று பார்த்தாலும் பனை, உடை மரம், கண்மாய்க்கரை, உப்பளம், அதற்குப் பின்னால் வானம். இந்த மட்டமான பூமியில் தீவிலேயே உயரமான இடம் ஒரு மணல் மேடு. அதற்குத்தான் பர்வதம் என்று பெயர். மேட்டின்மேல் ஒரு மண்டபம், அதற்குள் ராமர் பாதம். இங்கிருந்துதான் அனுமன் இலங்கை இருக்கும் திசையைப் பார்த்துத் தாவினார் என்று நம்பிக்கை.

வேனைவிட்டு இறங்கிய அம்மா அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏய்யா, இதுவா மலை? எங்க ஊருல கரட்டுமேடே இதவிடப் பெருசா இருக்கும்." மகன் சங்கடப்பட்டுக்கொண்டு "அம்மா" என்றார். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. "ஏறிப் பாத்துட்டுச் சொல்லுங்கம்மா" என்றேன்.

டாக்டர் சொன்ன முட்டிதான். ஆனாலும் கொஞ்சம் படிகள்தானே, ஒரு கையில் பேரன், மறு கையில் கைப்பிடி என்று நின்று நின்று ஏறினார். பாதத்தைக் கும்பிட்டுவிட்டு மேல்தளத்துக்கு வந்தார். அங்கிருந்து தீவு முழுக்கத் தெரியும். ராமநாதசுவாமி கோயில் கோபுரங்கள், 323 மீட்டர் உயர டிவி டவர், தென்னந்தோப்பு, எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் ஒரு நீலக்கோடு. அம்மா ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரேதான் சொன்னார்:

"எங்க மலையில ஏறுனா இன்னொரு மலைதான்யா தெரியும். இங்க ஏறுனா பூமி முடியுற எடம் தெரியுதே."

இத்தனை வருடமாக இந்த மேட்டுக்கு நான் ஆட்களைக் கூட்டி வருகிறேன். உயரமில்லாத இதற்கு ஏன் பர்வதம் என்று பெயர் வைத்தார்கள் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். புராணத்தைச் சொல்லிச் சமாளிப்பேன். இனிமேல் அந்த அம்மா சொன்னதைத்தான் சொல்லப் போகிறேன்.

மூன்று மணிக்குத் தனுஷ்கோடி ரோட்டைப் பிடித்தோம். 1964 புயலிலும் நின்ற கோதண்டராமர் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, அதை ஒட்டிய தண்ணீரில் கூட்டமாக நின்ற பூநாரைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தோம். பிறகு அரிச்சல்முனை வரை நேர் ரோடு, இரண்டு பக்கமும் கடல். இந்த ரோடு 2017இல்தான் வந்தது. அதற்கு முன் மணலிலும் ஓடைத் தண்ணீரிலும் ஆடி ஆடிப் போகும் பழைய வேன்கள்தான். அப்பாவோடு அதில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன்.

ஒரு பக்கம் ஆண்கடல், இன்னொரு பக்கம் பெண்கடல் என்று இங்கே சொல்வோம். தெற்கே மன்னார் வளைகுடா, அலையடித்துச் சீறுவதால் ஆண். வடக்கே பாக் விரிகுடா, குளம் மாதிரிக் கிடப்பதால் பெண். எல்லா கைடும் இதைச் சொல்வார்கள். ஆனால் வாடைக்காற்று வீசும் மாதங்களில் இது அப்படியே மாறிவிடும். வடக்கிலிருந்து காற்று அடிக்கும்போது பெண்கடல்தான் பொங்கும், ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. சாதுவான கடல் என்று பேர் கேட்டு, வாடைக்காலத்தில் வடக்குப் பக்கம் பிள்ளைகளை இறக்கிவிடுகிறார்கள். முனையில் எந்தப் பக்கமும் குளிக்க இறங்காதீர்கள். இரண்டு நீரோட்டமும் மோதும் இடம் அது, காலடி மணலே நிற்காது.

முனையில் அரைமணி நேரம் இருந்துவிட்டு, திரும்பும் வழியில் இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். அந்தச் சுவர்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கல்லுக்குள் பூப்பூவாகத் துளை தெரியும். பவளப்பாறையை வெட்டிக் கட்டிய சுவர். எழும்பூரில் ஏறியவர்கள் இங்கே இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் பிடித்த காலம் ஒன்று இருந்தது. 1914இல் ஆரம்பித்து ஐம்பது வருடம் அப்படி நடந்தது. ஸ்டேஷன், போஸ்டாபீஸ், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை ஸ்டேஷனுக்குக் கிட்டத்தில் வைத்துக் கடல் எடுத்துக்கொண்டது. அதில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேல். ஊரில் போனவர்கள் அதைவிடப் பல மடங்கு. அதன்பிறகு மனிதர் வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

அன்று அப்பத்தா அங்கே இல்லை. அக்காவின் பேறுகாலத்துக்குத் துணையாகத் தங்கச்சிமடத்துக்கு வந்திருந்தாள். வயது பதினான்கு. நாலு நாள் கழித்து நடந்தே போய்ப் பார்த்தாளாம். வீடு இருந்த இடம் எது என்றே தெரியவில்லை, கிணற்று உறை மட்டும் கிடந்தது என்பாள். சாகும்வரை அந்த ஊரைத் தனுஷ்கோடி என்று அவள் சொன்னதில்லை. "நம்மூரு" என்பாள். இடிந்த சுவர்மேல் ஏறி நின்று போட்டோ எடுப்பவர்களைப் பார்த்தால் நான் கோபப்படுவதில்லை, கிட்டப் போய், "இங்க ஒரு குடும்பம் மாதிரி நூறு குடும்பம் இருந்துச்சு சார்" என்று சொல்வேன். பெரும்பாலும் இறங்கிவிடுவார்கள்.

அம்மாவுக்குத் தாகம். வேனில் பாட்டில் தண்ணீர் இருந்தது. ஆனால் நான் தினமும் இந்த இடத்தில் செய்யும் ஒரு காரியம் உண்டு. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, கொடி படர்ந்த மணல் தாழ்வில் மண்டி போட்டுக் கையாலேயே தோண்டினேன். மேலே காய்ந்த மணல் சரிந்துகொண்டே இருந்தது. ஒரு சாண் போனதும் ஈரம். முழங்கை அளவு போனதும் குழியின் அடியில் கலங்கலாக ஊறியது. அதை ஒருதரம் இறைத்து வெளியே ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். இரண்டாவது ஊறல் தெளிந்து வந்தது. புதருக்கடியில் கவிழ்த்து வைத்திருந்த சிரட்டையை எடுத்து, மொண்டு கொடுத்தேன்.

அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார். கடலைப் பார்த்தார். நூறு அடிகூட இருக்காது. மறுபடி குடித்தார்.

"இனிக்குதேய்யா."

பேரன் குழியை உற்றுப் பார்த்தான். "அண்ணே, உள்ளயும் கடல்தான இருக்கும்?" ஆமாம், கீழே கடல்தான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை இந்த மணலுக்குள் இறங்கும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு, அதனால் கலக்காமல் அதன்மேல் மெல்லிய ஏடு போல மிதந்துகொண்டே கிடக்கும். மேலாகத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு மேலே ஏறிவிடும், பிறகு அந்தக் குழி ஒன்றுக்கும் உதவாது. மோட்டார் வைத்து இழுத்தாலும் அப்படித்தான். தங்கச்சிமடத்தில் கடலுக்குள்ளேயே வில்லூண்டி தீர்த்தம் நல்ல தண்ணீராக இருப்பதும், கடலை ஒட்டிய பெரிய கோயிலுக்குள் கிணறு கிணறாக 22 தீர்த்தங்கள் இருப்பதும் இந்த மண்ணில்தான். கோயிலில் தீர்த்தமாடுகிறவர்களுக்கு நான் முதலில் இந்த ஊற்றைக் காட்டுவது அதற்காகவே. வாளித் தண்ணீர் தலையில் விழும்போது, எவ்வளவு மெல்லிய ஏட்டிலிருந்து அதை எடுத்து ஊற்றுகிறார்கள் என்று ஒரு நிமிடம் நினைக்க வேண்டும். இன்றைக்குத் தீவில் புதிது புதிதாக லாட்ஜ் கட்டி, ஒவ்வொன்றுக்கும் போர் போட்டு இழுக்கிறார்கள். ராமநாதபுரத்துக்காரன் தண்ணீருக்குப் படும் பாடு ஊருக்கே தெரியும். இருக்கிற இந்த ஏட்டையும் கிழித்துவிடாதீர்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் வேனில் வருகிறவர்களிடம் சொல்கிறேன்.

"எங்க மலையிலயும் ஊத்து உண்டுய்யா" என்றார் அம்மா. "பாறை இடுக்குல வரும். மாடு மேய்க்கப் போறவுக ஒரு செரட்டைய அங்கனயே வச்சிருப்பாக. குடிச்சிட்டுக் கவுத்தி வச்சிட்டு வரணும், கொண்டாந்துறக் கூடாது." எங்கள் அப்பத்தாவும் இதே முறையைத்தான் சொல்லித் தந்தாள். குடித்தவன் சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வர வேண்டும், அடுத்து வருகிறவன் தாகத்தோடு வருவான். அதைச் சொன்னபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மகனும் குடித்தார். மருமகள் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டார். பட்டியலைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

இருட்டும் நேரம் பெரிய கோயிலுக்குப் போனோம். தீர்த்தமாடிய ஈரத்தில் கல்தரை வழுக்கும், வயதானவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். தரிசனம் முடிந்து, சேதுபதிகள் எழுப்பிய மூன்றாம் பிரகாரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தோம். 1212 தூண் என்பார்கள். பேரன் நாற்பது வரை எண்ணிவிட்டு அம்மா மடியில் தூங்கிப்போனான்.

ராமநாதபுரம் லாட்ஜில் இறக்கிவிடும்போது மணி பத்தேகால். மகன் கணக்கை முடித்துக் கையைக் கொடுத்தார், "அடுத்த தடவை சேதுக்கரை" என்றார். நான் வண்டியைத் திருப்பும்போது அம்மா லாட்ஜ் படியிலிருந்து கையைக் காட்டி நிறுத்தினார். மெதுவாக இறங்கிக் கண்ணாடிப் பக்கம் வந்தார்.

"தம்பி, அந்தச் செரட்டைய அங்கனயே வச்சிட்டுத்தான வந்த?"

"கவுத்தி வச்சிட்டுத்தாம்மா வந்தேன்."

"சரிய்யா, பாத்துப் போ."